நெஞ்சு முட்டாது மக்கா, அதுதான் பயம்

ஒருத்தர் ரீபிரீதர் மாட்டிக் கடலில் ஆழமாக இறங்குகிற அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. 60 மீட்டர் ஆழம், முதுகில் ரீபிரீதர் (விட்ட மூச்சையே சுத்தம் செய்து, ஆக்சிஜன் சேர்த்துத் திரும்ப மூச்சாகக் கொடுக்கிற மெஷின்), அது கெட்டால் மூச்சு விட இடுப்போரம் ஒரு பெயில்-அவுட் சிலிண்டர்கூட இல்லை. அதற்குக் கீழே திரேஸ்புரத்துப் பையன்களும் உவரிப் பையன்களும், "சங்கு குளிச்ச பரம்பரைல்லா, நமக்கு எதுக்கு டிரெய்னிங்" என்று ஹார்ட் போட்டிருக்கிறார்கள். அதுதான் வலிக்கிறது.

அந்தப் பரம்பரையை வைத்தே சொல்கிறேன். மூச்சடக்கிச் சங்கு குளிக்கிறவருக்கு ஒரு கட்டத்தில் நெஞ்சு முட்டும், உடம்பே மேலே விரட்டும். விரட்டுவது ஆக்சிஜன் குறைவு அல்ல, ரத்தத்தில் ஏறுகிற கரியமில வாயு. ரீபிரீதரோ அந்த வாயுவைத்தான் சோடா லைம் என்கிற சுண்ணாம்புக் குருணையில் உறிஞ்சி எடுக்கிறது. ஆக்சிஜன் வால்வைத் திறக்க மறந்தாலும், ஆக்சிஜனை உள்ளே விடுகிற மின் வால்வு (சோலனாய்டு) மூடியபடி சிக்கினாலும் மூச்சு சுகமாகப் போய்வரும். மூச்சில் இருக்கிற ஆக்சிஜனின் அழுத்தம் 0.16 பாருக்குக் கீழே போனால் (கரையில் காற்றின் மொத்த அழுத்தம் சுமார் 1 பார்), அதுவும் மேலே ஏறுகிற நேரத்தில், முட்டாது, திணறாது. நினைவு மட்டும் போய்விடும். பாட்டன் காலத்திலிருந்து நம்மைக் காத்த எச்சரிக்கை அந்த மெஷினுக்குள் கிடையாது.

"ஆக்சிஜனை அளக்க மூணு சென்சார் இருக்குல்லா?" இருக்கு. மூன்றையும் ஒரே நாளில் வாங்கி ஒரே ஈரத்தில் வைத்திருந்தால், மூன்றும் சேர்ந்தே கிழடாகும். கிழட்டு செல் (அந்த சென்சாரைத்தான் சொல்கிறேன்) கரையில் சுத்த ஆக்சிஜனில் 1.0 ஒழுங்காகக் காட்டும். ஆழத்தில் 1.1க்கு மேல் ஏறாது. 1.3 வர வேண்டுமே என்று மெஷின் ஆக்சிஜனைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு செல் இப்படிக் கெட்டால், நல்லதாக இருக்கிற மூன்றாவதைத்தான் தப்பு என்று ஒதுக்கும். அப்புறம் ஆக்சிஜன் மிஞ்சி வலிப்பு, வாயிலிருந்து மவுத்பீஸ் நழுவும், தண்ணீர் உள்ளே போகும். 6 மீட்டரில் ஆக்சிஜன் ஃபிளஷ் செய்து, அதாவது உள்ளே சுத்த ஆக்சிஜனை விட்டு அலசி, மூன்றும் 1.6 பக்கம் வருகிறதா என்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அடியில் சந்தேகம் வந்தால் டைலூயன்ட் ஃபிளஷ், அதாவது ஆக்சிஜன் அளவு தெரிந்த கலவை வாயுவை விட்டு அலசுவது. 18 சதவீத ஆக்சிஜன் கலவை என்றால் 60 மீட்டரில் 1.26 காட்ட வேண்டும். காட்டாத செல்லை நம்பக் கூடாது.

கரியமில வாயு தப்பி வருவது இதைவிடக் கொடுமை. சோடா லைமைத் தட்டித் தட்டி இறுக்கி நிரப்பாவிட்டால் குருணைக்கு நடுவே வழி விழும். ஒரு ஓ-ரிங் விட்டுப்போனாலும் அதே கதி. "அஞ்சு நிமிஷம் மூச்சு விட்டுப் பார்த்துட்டுத்தான இறங்குதோம்" என்பீர்கள். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்க்ரப்பர் (சோடா லைம் இருக்கிற டப்பா) அரைகுறையாக வேலை செய்யும்படி வைத்துச் சோதித்ததில் பெரும்பாலானவர்களுக்கு அந்த ஐந்து நிமிஷத்தில் எதுவுமே தெரியவில்லை. அடியில் தெரியவரும்போது மூச்சு இரைக்கும், பயம் பிடிக்கும், மவுத்பீஸை ஒரு நொடி எடுக்கவும் மனசு வராது. அந்த நேரத்தில் யோசித்துச் செய்ய முடியாது. கை தானாகப் போய் மூச்சை மெஷினிலிருந்து பெயில்-அவுட் சிலிண்டருக்கு மாற்றுகிற வால்வைத் திருப்ப வேண்டும். அதற்குத்தான் டிரெய்னிங். சர்டிபிகேட்டுக்காக ஒரு தடவை அல்ல, ஒவ்வொரு முறை இறங்கும்போதும். முதலில் பெயில்-அவுட், அப்புறம் என்ன கோளாறு என்ற ஆராய்ச்சி.

கணக்கும் போட்டுப் பாருங்கள். 60 மீட்டரில் அழுத்தம் 7 பார். பயந்தவன் நிமிஷத்துக்கு 40 லிட்டர் இழுத்தால் அங்கே 280 லிட்டர். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 2200 லிட்டர். எட்டு நிமிஷம்கூட வராது, மேலே வரும்போது இடையிடையே நின்று வர வேண்டிய டிகம்ப்ரஷன் நிறுத்தங்களைச் சேர்க்காமலேயே. அந்த வீடியோவில் இருப்பவரிடம் அந்த எட்டு நிமிஷமும் கிடையாது.

எனக்குப் பொறாமை என்று எழுதியவர்களுக்குப் பதில் இல்லை. ஏழை வீட்டுப் பையன் முன்னேறக் கூடாதா என்று கேட்டவருக்கு மட்டும் சொல்கிறேன்: அவன் வீட்டுக்குத் திரும்பி வரணும்னுதான் இவ்வளவும் எழுதுகிறேன். கயிறு பிடிக்க மச்சானை நிறுத்துவார்கள் என்று நம்ம கரையில் சொல்வார்கள், தன் அக்காள் தாலியை நினைத்து அவன் கண்ணை எடுக்கமாட்டான் என்று. இந்தப் படகில் மேலே நிற்கிறவர் கையில் போன் இருக்கிறது. கைகால் மரத்து ஒருத்தன் மேலே வந்தால் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை கொடுக்க 100 சதவீத ஆக்சிஜன் கிட் இருக்கிறதா? கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த வீடியோக்காரரோடு அடுத்த வாரம் இறங்கப்போகிற தம்பிகளே, அந்த செல்களைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உற்பத்தித் தேதி அதிலேயே போட்டிருக்கும். 18 மாதம் தாண்டியிருந்தால் படகிலேயே இருந்துவிடுங்கள்.