பிலிம் பிரிக்காத ஜாஸ் பேஸ்

போன மாதம் ஒருவர் போன் செய்தார். வீட்டில் ஒரு பேஸ் கிட்டார் இருக்கிறது, நெக், அதாவது தந்திகள் ஓடும் கழுத்துப் பகுதி, வளைந்துவிட்ட மாதிரி தெரிகிறது, வந்து செட்டப் செய்து தர முடியுமா என்றார். கச்சேரி இல்லாத வாரங்களில் நான் இந்த வேலையும் பார்ப்பதுண்டு. ஆலன் கீ, ஸ்க்ரூடிரைவர் சகிதம் கிளம்பினேன். பழைய மகாபலிபுரம் சாலையில் பதினாறாவது மாடி, ஏசி ஓடும் தனி அறை. கேஸைத் திறந்தால் அமெரிக்காவில் செய்த, ஃபென்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் என்ற மாடல். வாங்கி நாலு வருடம் ஆகிறதாம். உடலில் கீறல் படாமல் மூடும் பிக்கார்டு தகட்டின் மேல் கம்பெனியில் ஒட்டி அனுப்பிய பிளாஸ்டிக் பிலிம் அப்படியே இருந்தது. தந்திகள் மட்டும் துருப்பிடித்திருந்தன. பிலிமின் ஒரு நுனி தூக்கிக்கொண்டிருந்தது, பழக்கதோஷத்தில் கையை வைத்துவிட்டேன்.

“சார் சார், அதைப் பிரிச்சிடாதீங்க. ரீசேல் வேல்யூ போயிடும்.”

நல்ல மனிதர்தான். காபி கொடுத்தார், கேட்டதற்கு மேல் ஐந்நூறு கொடுத்தார். அவரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால் வீடு திரும்பும்வரை அந்த பிலிம்தான் கண்ணுக்குள் நின்றது. நல்ல பேஸ் ஏன் இந்த விலை விற்கிறது, ஏன் கிடைப்பதே இல்லை என்று மாதத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். இந்த வாத்தியம் பிறந்ததே தொழிற்சாலைப் பண்டமாகத்தான். 1951இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபென்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது அவர் மனதில் இருந்தது, ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்த நடன இசைக்குழுக்காரர்கள். டிரம்ஸுக்கும் ஊதுகுழல்களுக்கும் நடுவே அவர்கள் வாசிப்பது யார் காதிலும் விழாது. லியோ ரேடியோ ரிப்பேர் பார்த்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதனால்தான் வாத்தியத்தை ஒரு கருவியாகப் பார்க்க அவரால் முடிந்தது என்று நினைக்கிறேன். பலகையை அறுத்து உடல், அதில் நாலு திருகு போட்டு நெக். நெக் போனால் கழற்றி வேறு மாட்டலாம். அன்றைய விலை 199 டாலர் 50 சென்ட்.

அந்த 199.50ஐ அமெரிக்கப் பணவீக்கத்தோடு கணக்குப் போட்டால் இன்றைக்கு ஏறக்குறைய 2,400 டாலர் வரும். அமெரிக்காவிலேயே செய்த நல்ல பிரிசிஷன் ஒன்று இன்றும் அதற்குக் குறைவாகவே கிடைக்கிறது. அதாவது புது ஃபென்டரின் விலை அமெரிக்கனுக்கு அப்படியொன்றும் ஏறிவிடவில்லை. ஏறியது நமக்கு. 2010இல் ஒரு டாலர் 45 ரூபாய் சுமாருக்கு இருந்தது. 2025இல் 85ஐத் தாண்டிவிட்டது. அதே 2,000 டாலர் வாத்தியம் அன்று 90 ஆயிரம், இன்று 1,70,000க்கு மேல். இதற்கு மேல் சுங்கவரி, ஜிஎஸ்டி, கப்பல் கூலி, கடைக்காரர் லாபம். நம் ட்ரூப்களில் ஒரு கச்சேரிக்குக் கிடைக்கும் பணம் இந்தப் பதினைந்து வருடத்தில் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறதா? ஆகியிருந்தால் எந்த ட்ரூப் என்று சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

சரி, கிடைக்காத கதைக்கு வருவோம். இதில் பாதி நியாயமான காரணம், பாதி மனிதன் செய்கிற வேலை.

நியாயமானது மரம். பேஸ்காரனுக்கு எடைதான் முதல் கவலை. நாலு கிலோவுக்கும் ஐந்து கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் மூன்று மணி நேரக் கச்சேரி முடிந்த பிறகு தோளுக்குத்தான் தெரியும். எடை குறைந்து, ஒலியும் நன்றாக இருக்கும் மரம் என்று ஸ்வாம்ப் ஆஷைக் கொண்டாடுவார்கள். மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதியில், அடிமரம் தண்ணீரில் நின்று வளர்வது. இப்போது அங்கே வெள்ளம் முன்னைவிட அதிக நாள் நிற்கிறது, உள்ளே போய் வெட்ட முடிவதில்லை. போதாக்குறைக்கு ஒரு பச்சை வண்டு. ஆசியாவிலிருந்து போய் 2002இல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட அது, கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைத் தின்று தீர்த்துவிட்டது. 2020இல் ஃபென்டரே வழக்கமான மாடல்களில் இனி ஸ்வாம்ப் ஆஷ் இல்லை என்று அறிவித்துவிட்டது. மிச்சமிருக்கும் நல்ல கட்டை விலை கூடிய மாடல்களுக்குப் போகும், வேறென்ன.

ஃபிங்கர்போர்டு, அதாவது நெக்கின் மேல் விரல் அழுத்தும் பலகையின் கதை நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. உலகக் கடைகளில் இந்தியன் ரோஸ்வுட் என்று விற்பது நம் ஈட்டி மரம். கூடலூர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் 2017 ஜனவரியில் அந்தப் பேரினம் முழுவதையும் சேர்த்தார்கள். விற்பனைக்காக எல்லை தாண்டும் ஒவ்வொரு ரோஸ்வுட் கிட்டாருக்கும் காகிதம் தேவைப்பட்டது. ஃபென்டர் தன் மெக்சிகோ மாடல்களில் பாவ் ஃபெர்ரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்கு மாறியது. 2019 நவம்பரில் செய்துமுடித்த வாத்தியங்களுக்கு விலக்கு கிடைத்தது. மரத்தைக் காப்பாற்றத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இன்னொரு நியாயமான காரணம் கை. ரிக்கன்பேக்கர் என்ற கிட்டார் கம்பெனிக்காரர்கள் கலிபோர்னியாவின் சாண்டா ஆனாவில் ஒரே தொழிற்சாலையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மலிவு மாடல் கிடையாது, வெளிநாட்டில் செய்வது கிடையாது. அவர்களுடைய 4003 பேஸ் வேண்டுமா, வரிசையில் நில். புரூக்ளினில் 1983இல் தொடங்கிய ஃபொடேரா இன்னும் சின்ன பட்டறை. பேஸ் கலைஞர் விக்டர் வூட்டன் கையில் பார்த்திருப்பீர்களே, அதுதான். பத்தாயிரம் டாலருக்கு மேல் போகிறவை அங்கே சாதாரணம். இவர்கள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. நெக்குக்கு வருடக்கணக்கில் உலர்ந்த கட்டையைத் தேடி, கையால் இழைத்து, ஸ்வரம் சட்டென்று செத்துப்போகிற ஒரு டெட் ஸ்பாட் வந்தால் மனம் நொந்துபோகிறவன் மாதம் ஆயிரம் செய்ய முடியாது. செய்யவும் வேண்டாம். எங்களூரில் நல்ல மிருதங்கம் கட்டுகிறவரிடம் போய் நாளைக்கே நாலு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லையே.

கோபம் வருவது வேறிடத்தில், வாசிக்காமல் வாங்கிப் பூட்டிவைக்கிறவர்கள் மேல். 1965இல் லியோ தன் கம்பெனியை 13 மில்லியன் டாலருக்கு சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்திடம் விற்றார். அதற்கு முன் செய்தவை எல்லாம் பொக்கிஷம், பின் வந்தவை குப்பை என்று ரொம்ப காலம் பேச்சு இருந்தது. எழுபதுகளின் ஜாஸ் பேஸ் கனம், நெக்குக்கு மூன்றே திருகு, ஆட்டம் காணும் என்பார்கள். பேஸ் கலைஞர் மார்க்கஸ் மில்லர் வாசிப்பது அப்படிப்பட்ட 1977 ஜாஸ் பேஸ்தான். அதற்குள் நியூயார்க் கிட்டார் தச்சர் ரோஜர் சடௌஸ்கி ஒலியைக் கூட்டும் பிரீஆம்ப் வைத்துக் கொடுத்தார். இன்றைக்கு அந்தக் ‘குப்பை’யும் வின்டேஜ், அதற்கும் தனி விலை. ஜப்பானில் 1982இல் தொடங்கிய ஃபென்டர் ஜப்பானின் முதல் பேட்ச்சுகளுக்கும் இதே கதி. யென் விழுந்த பிறகு டோக்கியோவின் ஒச்சானோமிசு கிட்டார் தெருவில் வெளிநாட்டுக்காரர்கள் பெட்டியோடு இறங்கி அள்ளிக்கொண்டு போகிறார்கள். வாசிக்க வாங்குகிறவர்களும் அதில் இருப்பார்கள்தான். எத்தனை பேர் என்பதுதான் என் கேள்வி.

பேஸ் மேதை ஜேக்கோ பாஸ்டோரியஸ் கையிலிருந்தது 1962 ஜாஸ் பேஸ். 90 டாலருக்கு வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். போர்டில் பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளை வெண்ணெய்க் கத்தியால் நெம்பி எடுத்ததாக ஒரு பேட்டியில் சொன்னார், வாங்கும்போதே இல்லை என்று வேறொன்றில் சொன்னார். எப்படியோ, இருந்த குழிகளை அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்சி என்ற பிசினைப் போர்டின் மேல் ஊற்றினார். ஃப்ரெட்லெஸ் பேஸ் என்றால் இப்படித்தான் பாட வேண்டும் என்று உலகம் கற்றுக்கொண்டது அந்தச் சிதைத்த வாத்தியத்திலிருந்துதான். இன்று ஒரு 1962 ஜாஸ் பேஸ் அகப்பட்டால் யாராவது கத்தியை எடுப்பார்களா? கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரப்பத மீட்டரோடு வைப்பார்கள். டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசைக் கம்பெனியின் பாடல்கள் பலவற்றுக்குப் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனும் ஒரு 1962 பிரிசிஷனில், ஒற்றை விரலில், தந்தியைக்கூட மாற்றாமல் காலம் தள்ளியவர். விலை ஏறியதால் எனக்கு வருத்தம் பணத்தில் இல்லை. கெடுத்துப் பார்க்கத் துணிகிற பையன்களுக்கு இந்த வாத்தியம் எட்டாமல் போகிறதே, அதில்தான்.

என் கதையும் ஒன்று உண்டு. சில வருடம் முன்பு ஒரு கடையில் நல்ல பேஸ் ஒன்றுக்கு 40 ஆயிரம் முன்பணம் கட்டினேன். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று பதினான்கு மாதம் ஓடியது. வந்தபோது “அண்ணா, ரேட் மாறிடுச்சு” என்றான் பையன். வித்தியாசம் 38 ஆயிரம். முன்பணத்தைத் திரும்ப வாங்க இன்னொரு இரண்டு மாதம். அந்தக் காசில் சயர் என்ற பிராண்டு பேஸ் ஒன்று வாங்கினேன், இந்தோனேசியாவில் செய்தது. ஃப்ரெட் ஓரங்களை நானே ராவி, தந்திகள் உட்காரும் நட்டை மாற்றி, நல்ல தந்தி போட்டேன். ஸ்டுடியோவில் இன்றுவரை யாரும் என்ன பேஸ் என்று கேட்டதில்லை. இதைத் தோற்றவன் சமாதானம் என்று நீங்கள் நினைக்கலாம். ஓரளவு உண்மைதான். அந்த ஓஎம்ஆர் வீட்டு ஜாஸ் பேஸை, நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியைத் திருப்பிப் புதுத் தந்தி போட்ட பிறகு, டெஸ்ட் செய்கிற சாக்கில் முக்கால் மணி நேரம் வாசித்தேன். ஈ தந்தியின் அடி ஸ்வரம் நெஞ்செலும்பில் வந்து உட்கார்ந்தது. கேஸை மூடும்போது கை கொஞ்சம் தயங்கியது.

ஒரு வேண்டுகோள். என்னிடம் படிக்கும் பையன் ஒருவன், பதினேழு வயது, இரவல் வாங்கிய பேஸில் சர்ச்சில் வாசிக்கிறான். யாரிடமாவது யமஹா பிபி, ஸ்கொயர், சயர், எதுவானாலும் சரி, சும்மா கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பட்ஜெட் 30 ஆயிரத்துக்குள். அடி, கீறல் பரவாயில்லை. பிலிம் பிரித்திருந்தால் இன்னும் நல்லது.