ஊருணிக்கும் புள்ளி வரி வேண்டும்

போன ஐப்பசியில் ஒரே இரவு பெய்த மழையில் எங்கள் செட்டிநாட்டு வீட்டு முகப்புக்குள் தண்ணீர் வந்துவிட்டது. நூறாண்டு தாண்டிய வீடு. தெருவிலிருந்து ஐந்து படி ஏறித்தான் திண்ணைக்கு வர வேண்டும். சிறு வயதில் அந்தப் படிகளில் உட்கார்ந்துதான் நான் எழுத்துப் படித்தேன். இப்போது இரண்டு படிதான் வெளியே தெரிகிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு மூன்று படிகளை மண்ணுக்குள் அனுப்பிவிட்டார்கள். விடிய விடியத் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றினோம். காலையில் ஊருணிக்குப் போய்ப் பார்த்தேன். அங்கே கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். வீட்டுக்கும் ஊருணிக்கும் நடுவே நானூறு அடிகூட இருக்காது.

அந்தக் காட்சி என்னை விடவேயில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களைப் படம் எடுக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் படம் எடுக்கிறார்கள். யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் 2014ஆம் ஆண்டு நம் ஊர்கள் இடம்பெற்றபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வீடுகளைக் கட்டியவர்களின் பெரிய சாதனை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லை. தண்ணீர் போன வழியில் இருக்கிறது.

எங்கள் அப்பத்தா மழைக்காலம் தொடங்கும் முன்பே அண்டாவையும் கிடாரத்தையும் புளி போட்டுத் துலக்கி வைத்துவிடுவார். வீட்டின் உள்பகுதியான வளவின் நான்கு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தைப் பார்த்தே இறங்கும். சரிவுகள் சேரும் கூடல்வாயில் தண்ணீர் அருவி போலக் கொட்டும். முதல் மழை ஓட்டைக் கழுவட்டும் என்று விட்டுவிட்டு, இரண்டாம் மழையில்தான் பாத்திரம் வைப்பார். அந்தத் தண்ணீரில்தான் பருப்பு நன்றாக வேகும் என்பார். பாத்திரங்கள் நிறைந்த பிறகு முற்றத்தில் விழுவது வடிகாலான ஜலதாரை வழியாகத் தெருவின் கல் வாய்க்காலுக்குப் போகும். அங்கிருந்து ஊருணிக்கு. ஊருணி நிறைந்தால் உபரிநீர் வழியும் கலுங்கு வழியாக அடுத்த ஊருணிக்கு, அதற்கும் கீழே கண்மாய்க்கு. ஒரு தெருவே ஒரு பெரிய கூரையைப் போல வேலை செய்திருக்கிறது. ஆறு இல்லாத ஊர், மூன்று மாத வடகிழக்குப் பருவமழையை வைத்துக்கொண்டு ஒன்பது மாதம் குடித்த கதை இதுதான். நகரத்தாராகிய நம் செட்டியார் சமூகத்தின் ஒன்பது நகரக் கோயில்களில் எதற்குப் போனாலும் கோயிலை ஒட்டிக் கல் கட்டிய நீர்நிலை ஒன்று இருக்கும். சாமியைக் கும்பிடும் முன் தண்ணீரைப் பார்க்க வைத்தார்கள்.

இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. இனி வரப்போகும் மழைக்கு இந்த ஏற்பாடு முன்னைவிட அதிகமாகத் தேவைப்படும் என்பதற்காகச் சொல்கிறேன். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. அப்படி ஏறிய ஈரம் இறங்கும்போது மொத்தமாக இறங்குகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நம் சிவகங்கைச் சீமையில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழைக்குக் கிட்டத்தட்டச் சமம் அது. 2024ஆம் ஆண்டோ, அளவெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து உலகம் கண்ட மிக வெப்பமான ஆண்டு. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட ஒன்றரை டிகிரி கூடுதல். பல நாள் நின்று பெய்யும் அடைமழை குறைந்து, ஓரிரவில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும் மழை பெருகினால், அந்த ஓரிரவுத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெரிந்த ஊர்தான் பிழைக்கும். நமக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் மூடிக்கொண்டிருக்கிறோம்.

எப்படி மூடினோம் என்றும் சொல்கிறேன். தூசி விழுகிறது, குரங்கு வருகிறது என்று முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் தகடு போட்டோம். வெக்கை வெளியேறும் வழி அடைபட்டதும் ஏசி வாங்கினோம். தெரு முழுக்கச் சிமென்ட் பாவினோம். ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சீமைக்கருவேலம் முளைத்தபோது பேசாமல் இருந்தோம். அதே வரத்துக்காலைத் தூர்த்து மனை போட்டபோதும் பேசாமல் இருந்தோம். ஊருக்கு வெளியே, தைலமரத் தோட்டங்களைச் சுற்றி வெட்டிய குழிகளும் எடுத்த வரப்புகளும் மேட்டுநிலத்து மழையை அங்கேயே மடக்கிவிடுகின்றன. கண்மாய்க்கு வந்து சேருவது மிச்சம் மீதிதான். 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது வீட்டுக்கு வீடு குழாய் வைத்தோம். அதற்குப் பிறகு அந்தக் குழாய்க்குக் கீழே இருக்கும் மணலையும் ஜல்லியையும் மாற்றியவர்கள் எத்தனை பேர்?

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊருணியைப் பொக்லைன் வைத்து ஆழப்படுத்துவதால் மட்டும் அது நிறையாது. எங்கள் ஊருணியையும் ஆழப்படுத்தினார்கள். கரையில் நடைபாதை, விளக்கு, உட்காரப் பலகை எல்லாம் வந்தன. தண்ணீர் மட்டும் வரவில்லை, ஏனென்றால் வரும் வழியை யாரும் தொடவில்லை. செலவில் பாதியையாவது வரத்துக்காலுக்குக் கொடுத்திருந்தால் போன ஐப்பசியில் என் வீட்டுக்குள் வந்த வெள்ளம் ஊருணியில் நின்றிருக்கும்.

பருவநிலை மாற்றம் பற்றி உலக நாடுகள் ஆண்டுதோறும் கூடிப் பேசுவதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் பங்காளிக் கூட்டம் நினைவுக்கு வருகிறது. எங்கள் வீட்டுக்கு இன்று 19 பங்கு. ஓடு ஒழுகினால் எல்லோருக்கும் தெரியும். யார் மாற்றுவது என்பதில்தான் பேச்சு நிற்கும். முதலில் மாற்றுகிறவர் ஏமாளி என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் வீடு தரையோடு போகும். அப்படி இடிந்துபோன வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் நிற்கின்றன. காற்று மண்டலமும் பங்காளி வீடுதான். அதிகம் அனுபவித்தவர் அதிகம் தர வேண்டும் என்பது நியாயம்; இதுவரை வெளியேறிய கரியமிலவாயுவில் தனி ஒரு நாடாகப் பெரிய பங்கு அமெரிக்காவுடையது. அந்த நியாயத்தை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. அதற்காக அவர்கள் தரும்வரை நம் கூரையை ஒழுக விடவும் கூடாது.

பொதுச் சொத்தைக் காக்கும் முறை ஒன்று நம்மிடமே இருக்கிறது. கல்யாணம் ஆனதும் கோயிலில் ஒருவரைப் புள்ளியாகச் சேர்க்கிறோம். புள்ளி எங்கே இருந்தாலும், சென்னையோ சிங்கப்பூரோ, வரி வந்துவிடும். ஏழை புள்ளி, பணக்காரப் புள்ளி என்ற வித்தியாசம் இல்லாத கணக்கு அது. யாரும் கட்டாயப்படுத்தாமலே நகரத்தார் கோயில்கள் நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அதே முறையில் ஊருணிக்கும் வரத்துக்காலுக்கும் வரி போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரசு செய்ய வேண்டியதைக் கேட்டுப் பெறலாம், பெற வேண்டும். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வண்டல் எடுப்பதும், மழைக்கு முன் வாய்க்காலைப் பார்த்துவருவதும் ஊர் செய்கிற வேலை.

இந்த இடத்தில் ஓர் உண்மையை மறைத்தால் நான் எழுதுவதற்கு மதிப்பில்லை. அந்தக் காலத்து ஊருணிப் படிகளில் எல்லோரும் இறங்கித் தண்ணீர் மொள்ள முடியவில்லை. சாதி பார்த்துத் தடுத்தார்கள். அதனால் நான் கேட்கும் புள்ளிக் கணக்கு நகரத்தாரோடு முடிவதல்ல. ஊரில் அடுப்பெரியும் ஒவ்வொரு வீடும் ஒரு புள்ளி. பணம் தர முடியாதவர் ஒரு நாள் உழைப்பைத் தரட்டும். படி எல்லோருக்கும் திறந்திருக்கட்டும்.

ஊர் கூடினால் நடக்காது என்று சொல்பவர்களைக் கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். நம் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். சரணாலயமாக அறிவித்தது 1977இல். கண்மாய் மரங்களில் கூடு கட்டியிருக்கும் நாரைகளும் கொக்குகளும் மிரண்டு போகக் கூடாது என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு அங்கே வெடி வெடிப்பதில்லை. குழந்தைகளும் கேட்பதில்லை. ஆனால் கண்மாயில் தண்ணீர் இல்லாத ஆண்டில் பறவைகளும் வருவதில்லை. அந்த மக்களின் பொறுமைக்கு நாம் செய்யும் கைம்மாறு, மேலே இருந்து வரும் தண்ணீரை மறிக்காமல் இருப்பதுதான்.

எங்கள் வீட்டில் வேலை தொடங்கிவிட்டது. பங்காளிகளில் 11 பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். முற்றத்துத் தகட்டைக் கழற்றிவிட்டோம். போன ஞாயிற்றுக்கிழமை முகப்புப் படியை ஒட்டித் தோண்டியதில் மூன்றடி ஆழத்தில் ஜலதாரையின் கருங்கல் வாய் கிடைத்தது. உள்ளே கை விட்டுப் பார்த்தேன். ஒரு கல்கூடப் பெயரவில்லை, மண்தான் அடைத்திருக்கிறது. கொத்தனார் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். சரிவு இன்னமும் ஊருணியைப் பார்த்தே இருக்கிறது.

ஆவணி முடிவதற்குள் தெரு முனை வரை மண் எடுத்துவிட வேண்டும். மீதி எட்டுப் பங்காளிகளும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.