"உள்ளே இருப்பது வெறும் எவர்சில்வர்தானே சார்"

தீப்பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளரைக் குடோன்களுக்கு வடிவமைக்க உட்காரும்போது நான் முதலில் கேட்பது, "குடோனில் என்ன சரக்கு?" என்றுதான். மிக்சி, டம்ளர், தண்ணீர் பாட்டில் என்று ஒரே சொல்லில் பதில் வரும். அந்த ஒரு சொல்லை நம்பிக் கணக்குப் போடுவதை எங்கள் துறையில் இருப்பவர்கள் நிறுத்த வேண்டும். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஸ்பிரிங்க்ளருக்காக நாங்கள் பின்பற்றும் அமெரிக்க விதிநூலான என்.எஃப்.பி.ஏ. 13 சரக்கின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. பொருள், பேக்கிங், அடியிலிருக்கும் பேலட் (பெட்டிகளை அடுக்கும் பலகைத் தட்டு) மூன்றையும் சேர்த்துத்தான் வகுப்பு சொல்கிறது; வகுப்பு ஏற ஏறத் தீயும் கடுமை, தேவைப்படும் தண்ணீரும் அதிகம். எரியாத பொருள், ஒற்றை அட்டைப்பெட்டி, மரப் பேலட் என்றால் முதல் வகுப்பு. மேலே ஷ்ரிங்க் ராப் என்ற பிளாஸ்டிக் உறையைச் சுற்றியிருந்தாலும் அதேதான். அந்த மெல்லிய தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான்காம் வகுப்புக்கும் மேலே இருப்பது குரூப் ஏ பிளாஸ்டிக். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், தெர்மாகோல், மிக்சி உடல் செய்யும் கெட்டி பிளாஸ்டிக்கான ஏ.பி.எஸ். எல்லாம் அதில் வரும். ஒரு கிலோ மரம் எரிந்தால் ஏறத்தாழ 17 மெகாஜூல் வெப்பம், பாலிஎத்திலீன் என்றால் 46. அதோடு உருகிச் சொட்டி, கீழ்த்தட்டுக்கும் தீயைக் கொண்டுபோகும்.

தண்ணீர் நிரப்பிய பெட் பாட்டில் முதல் வகுப்பு. அதே பாட்டில் காலியாக வந்து இறங்கினால் குரூப் ஏ! பக்கத்துப் பக்கத்து ரேக்கில் இரண்டும் இருக்கும், சரக்குப் பட்டியலில் இரண்டுக்கும் "பாட்டில்" என்றே எழுதியிருக்கும்.

மிக்சிக்கு வருவோம். பெட்டி 4 கிலோ, அதில் ஏ.பி.எஸ். உடல் 1 கிலோ என்றால் 25 சதவீதம். நான்காம் வகுப்போ பிளாஸ்டிக் எடையில் 15 சதவீதத்தோடு முடிந்துவிடுகிறது; அதைத் தாண்டினால் குரூப் ஏ. தெர்மாகோலை எடை போட்டுப் பயனில்லை, அது பெரும்பாலும் காற்று. அதனால்தான் அதற்குக் கன அளவில் 25 சதவீதம் என்று வரம்பு. தராசில் ஒன்றுமே காட்டாத தெர்மாகோல் பெட்டியில் பாதி இடத்தை அடைத்திருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பாத்திரக் குடோன். முதல் வகுப்பு என்று வடிவமைத்தது நான்தான். சோதனைக்குப் போனால் ரேக் முழுக்க நீலநிற பிளாஸ்டிக் பேலட், பெட்டிக்குள் தெர்மாகோல். மரப் பேலட் உடைகிறது, கரையான் வருகிறது என்று கொள்முதல் பிரிவு மாற்றிவிட்டது. நியாயமான காரணம்தான். ஆனால் வலுவூட்டாத பிளாஸ்டிக் பேலட் என்றால் பொதுவாக ஒரு வகுப்பு ஏறும், வலுவூட்டியது என்றால் இரண்டு. "உள்ளே இருப்பது வெறும் எவர்சில்வர்தானே சார்" என்றார் மேலாளர். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பேலட் மாறினால் சொல்லுங்கள் என்று நான் சொல்லிவைக்கவே இல்லை. திரும்பக் கணக்குப் போட்டதில் பம்பும் தொட்டியும் போதவில்லை. புதிய பம்ப் வரும்வரை மேல்தட்டுகளைக் காலி செய்து வைத்தார்கள்.

ஒரு தூணை நகர்த்த வடிவமைப்பாளரின் கையெழுத்து கேட்கிறோம். பேக்கிங்கையோ பேலட்டையோ மாற்றவும் அப்படி ஒரு கையெழுத்து வேண்டும், அதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். நான் இப்போது பட்டியல் வாங்குவதோடு விடுவதில்லை. ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, பிளாஸ்டிக்கைத் தனியாக எடை போட்டு, தெர்மாகோலை டேப் வைத்து அளந்து, பேலட்டோடு சேர்த்துப் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறேன். ஒரு குடோனுக்கு அரைநாள் ஆகிறது.