ஆப்பில் வீசும் காற்று

(தனுஷ்கோடி கடற்கரை, ஒரு மணல்மேடு. மதுரையிலிருந்து வந்தவர் கையில் ஒரு பொம்மை விமானம்.)

மீனவர்: தம்பி, இந்த விமானம் டீசல் எவ்வளவு பிடிக்கும்?

மதுரைக்காரர்: டீசலே வேண்டாம் அண்ணே, மோட்டாரே கிடையாது. இது கிளைடர். காற்று மேட்டில் மோதினால் போக வழியில்லாமல் மேலே ஏறும். அந்த ஏற்றத்திலேயே மிதக்கும். ரிமோட்டில் திருப்பினால் போதும்.

மீனவர்: டீசலே வேண்டாமா! எங்கள் விசைப்படகுக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன்.

மதுரைக்காரர்: அது ஏரோடைனமிக்ஸ் அண்ணே, உங்களுக்குப் புரியாது. முதலில் காற்றைப் பற்றித் தெரியணும்.

மீனவர்: சொல்லுங்க. பாய் கட்டி வத்தைப் படகு ஓட்டின குடும்பம் எங்களுடையது. காற்றைப் பற்றிச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

(பாம்பன் பக்கம் இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்க்கலாம். செல்போனில் ஒரு ஆப் இருந்தால் போதும், கடலில் பிறந்து வளர்ந்தவருக்கே வகுப்பு எடுப்பார்கள்.)

மதுரைக்காரர்: இன்று வடகிழக்குக் காற்று, மணிக்கு 25 கிலோமீட்டர். ஆப்பில் பாருங்க.

மீனவர்: வாடை. மார்கழியில் வேறென்ன வீசும்? அது சரி, கையில் என்ன பை? காயமா?

மதுரைக்காரர்: ரிமோட்டோடு சேர்த்துக் கையை மூடும் உறை. குளிர்காலத்தில் இது இல்லாவிட்டால் விரல் மரத்துப்போகும். பேட்டரியும் குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். வெளிநாட்டு வீடியோவில் எல்லோரும் போட்டிருந்தார்கள்.

மீனவர்: அங்கே பனி கொட்டும் தம்பி, இது தனுஷ்கோடி. முழங்கை வழியாக வேர்வை சொட்டுதே, அதற்கு வீடியோ ஏதும் இல்லையா? ஆமாம், மோட்டார் இல்லை என்றீர்கள், அப்புறம் பேட்டரி எதற்கு?

மதுரைக்காரர்: சுக்கானைத் திருப்ப.

மீனவர்: டீசல் வேண்டாம் என்று சொன்னபோதே நினைத்தேன், எங்கோ ஒரு செலவு இருக்கும் என்று.

மதுரைக்காரர்: காற்று பலமாக இருந்தால் எடை ஏற்றணும், இல்லாவிட்டால் எதிர்க்காற்றில் முன்னேறாது. அதற்குத்தான் இந்த ஈயம். உடம்பு முழுக்க நுரை, விழுந்தாலும் உடையாது.

(மீனவர் இறக்கையை நகத்தால் அழுத்துகிறார். குழி விழுந்து, மெல்ல மேலே வருகிறது. ஈயத்துண்டை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்க்கிறார்.)

மீனவர்: மிதவை இருக்கு, குண்டு இருக்கு. வலையை எங்கே மறந்துவிட்டு வந்தீங்க?

மதுரைக்காரர்: தள்ளி நில்லுங்க, விடப்போகிறேன்.

மீனவர்: தெற்கே பார்த்தா?

மதுரைக்காரர்: இந்தப் பக்கம்தான் சரிவு செங்குத்து. செங்குத்தாக இருந்தால் நன்றாக ஏறும்.

மீனவர்: காற்று வந்து மோதுகிற பக்கம் அல்லவா ஏறும்? வாடை வடக்கே மோதி ஏறுது. இந்தப் பக்கம் இறங்கிச் சுழலுது. உங்கள் செருப்பைச் சுற்றி மணல் ஓடுவதைப் பாருங்க.

மதுரைக்காரர்: ஆப்பில் அப்படி...

(விட்டார். மூக்குக் குத்தி மணலில் செருகியது.)

மீனவர்: டீசல் தீர்ந்துபோச்சோ?

(இரண்டாம் முறை பலம் கொண்ட மட்டும் வீசினார். பின்னாலிருந்து வாடை தள்ள, நேராக ஆண்கடலில், அதாவது தெற்கே மன்னார் வளைகுடாவில், போய் விழுந்தது.)

மதுரைக்காரர்: மிதக்குது அண்ணே! படகை எடுங்க, பத்து நிமிஷ வேலை.

மீனவர்: கடலுக்குப் போக டோக்கன் தரவில்லை. பாம்பனில் 1ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கு. எங்கோ தூரத்தில் தாழ்வு மண்டலம். இல்லாவிட்டால் நான் ஏன் கரையில் உட்கார்ந்து உங்களிடம் காற்றுப் பாடம் படிக்கிறேன்?

மதுரைக்காரர்: ஆப்பில் கூண்டு எதுவும் காட்டவில்லையே!

மீனவர்: வாடையில் விட்டதால் தெற்கே போச்சு. மேற்கே இருந்து வரும் கச்சான் காற்றில் விட்டிருந்தால் இலங்கைக் கரைக்கே போயிருக்கும். அங்கே பிடித்தால் ஆளை விட்டாலும் படகை விடமாட்டார்கள். உங்கள் நுரைக்காக யார் மனு எழுதுவது?

மதுரைக்காரர்: என்ன அண்ணே, எல்லைக்கு இந்தப் பக்கம்தானே கிடக்குது!

மீனவர்: நாங்களும் அதைத்தான் சொன்னோம்.