முதுகுக்குப் பின்னால் எழுந்த வியர்ன்

ஆர்கன், அதாவது தேவாலயங்களில் குழாய்களுக்குள் காற்றைச் செலுத்தி ஒலிக்கவைக்கும் பெரிய கருவி, அதன் இசையை ஹெட்போனில் மட்டும் கேட்டவர்கள் அதில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்துக்குள் நின்றுவிட்டு வந்த எனக்கு இதை வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

கட்டடத்தைப் பார்க்கத்தான் போனேன். திருப்பலி முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பீடத்தைப் பார்த்து நின்றிருந்தேன், பின்னாலிருந்து இசை எழுந்தது. பெரிய ஆர்கன் இருப்பது மேற்கு வாசலுக்கு மேலே, வட்டக் கண்ணாடிச் சாளரத்தை ஒட்டி. உள்ளே வருகிற எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டித்தான் நடக்கிறோம். கேட்டதுமே பிடிபட்டுவிட்டது: லூயி வியர்ன் என்ற இசையமைப்பாளரின் முதல் ஆர்கன் சிம்பொனி, கடைசிப் பகுதி. எனக்கு உயிரான இசை! மேலே விரல்கள் விறுவிறுவென்று ஓட, மெட்டை வாசிப்பவை கீழே மிதிகட்டைகளில் ஓடும் கால்கள். அந்த மெட்டு தரை வழியாக ஏறி விலா எலும்பில் அதிர்ந்தது. 32 அடிக் குழாயின் அடி சுரம் நொடிக்குச் சுமார் 16 அதிர்வுதான். அதைக் காதைவிட உடம்புதான் கேட்கிறது. வாசித்தவர் கையை எடுத்த பிறகும் ஒலி சில நொடி வளைவுகளுக்கடியில் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த நொடிகளை வாசித்தது கட்டடம்.

வியர்ன் கிட்டத்தட்ட பார்வையில்லாமல் பிறந்தவர். 1900 முதல் இதே ஆர்கனை வாசித்தார். 1937 ஜூன் 2 அன்று இங்கேயே, கச்சேரி நடுவில், அதன் முன் உட்கார்ந்தபடியே சரிந்து இறந்துபோனார்.

2019இல் பேராலயத்தில் பிடித்த தீயில் கூரை போனது, ஆர்கன் தப்பியது. ஆனால் எங்கும் ஈயத் தூசி. ஏறக்குறைய 8,000 குழாய்களைச் சுத்தம் செய்து, மறுபடி பூட்டி, ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்தார்கள். 2024 டிசம்பர் 7 மறுதிறப்பில் பேராயர் எட்டு முறை ஆர்கனை அழைக்க, எட்டு முறையும் அது பதில் சொன்னது. அந்தக் காட்சியைத் திரையில் பார்த்தே கலங்கியவன் நான்.

அதனால்தான் அன்று சுற்றிலும் பார்த்தபோது மனசு வலித்தது. இசை உச்சத்தில் இருக்கும்போது ஒரு வழிகாட்டி குரலை உயர்த்தி சாளரத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குழு போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தது. ஆர்கன் ஒலிக்கும் அந்த ஆறேழு நிமிடம் வழிகாட்டிகள் பேச்சை நிறுத்தவேண்டும், மக்களை உட்காரச் சொல்லவேண்டும். அதை ஒரு விதியாகவே வைக்கலாம்.

பாரிஸ் போகிறவர்கள் திருப்பலி நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். உள்ளே நுழையக் கட்டணம் கிடையாது. முடிந்ததும் வாசலுக்கு ஓடாமல், நடுக்கூடத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்காருங்கள்.