எடை பார்த்தது போதும், இடுப்பையும் அளங்க

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். துணி வாங்குகிற பையர் அனுப்பிய அளவு சார்ட்டில் இடுப்புக்கு என்ன அளவு போட்டிருக்கிறதோ, அதற்கு ஒரு சென்டிமீட்டர் கூடக்குறைய இருந்தால் விடுவோம். அதையும் தாண்டினால் பீஸ் ஒதுங்கிவிடும். கழுத்தில் இன்ச் டேப் இல்லாத ஆளைப் பார்ப்பதே அரிது. ஆனால் அவரவர் இடுப்பளவைக் கேட்டால் பேன்ட் சைஸைத்தான் சொல்கிறோம்.

பேன்ட் சைஸ் இடுப்பளவே கிடையாது. தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடுகிற பேன்ட் வருஷக்கணக்கில் 32-ஆகவே இருக்கும், வயிற்றில் டேப் சுற்றினால் 37 வரும். வேட்டி, லுங்கி, சேலை, நைட்டி இதிலெல்லாம் வயிறு பெருத்தது தெரியவே தெரியாது.

எங்கள் கம்பெனியில் ஒரு தனியார் மருத்துவமனை முகாம் போட்டது. உயரம், எடை, பிரஷர், சுகர் எல்லாம் பார்த்தார்கள். அயர்னிங்கில் நிற்கிற அண்ணன் ஒருவர், பார்க்க ஒல்லியான ஆள். அஞ்சடி அஞ்சங்குலம், 62 கிலோ. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பி.எம்.ஐ. கணக்கில் 22.8 என்று ‘நார்மல்’ என எழுதிவிட்டார்கள். ஆனால் சாப்பிட்ட பிறகு எடுத்த சுகர் 260. சீட்டை என்னிடம் நீட்டி, “ஏம்மிணி, குண்டா இருக்கறவீங்களுக்குத்தான சக்கர வரும்? எனக்கெப்பிடி?” என்றார். டேப்பைக் கொடுத்து, நீங்களே வயித்தைச் சுத்திப் பாருங்கண்ணா என்றேன். 37 இன்ச். அந்தச் சீட்டில் இதை எழுத ஒரு கட்டமே இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான்.

பி.எம்.ஐ. கணக்கின் வேர் 19-ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. பெல்ஜியத்தின் கெட்லே என்ற கணித அறிஞர், சராசரி மனிதனின் உடல் அளவுகளை ஆராயும்போது போட்ட கணக்கு அது. ஒருவர் உடம்பில் கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்று அது சொல்லாது. சேரும் இடம்தான் முக்கியம் என்று 1947-லேயே ழான் வாக் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவிட்டார். தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேர்கிறதே, அதுதான் வில்லங்கம். அங்கிருந்து கரைகிற கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தோடு நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சொன்ன பேச்சை உடம்பு கேட்பதில்லை. அப்புறம் சர்க்கரை, ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம், மாரடைப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யூட்கினும் 2004-இல் தங்கள் படத்தையே ‘லான்செட்’ மருத்துவ இதழில் போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் (ICMR-INDIAB) என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2023-இல் வந்தது. அதில் எடைக் கணக்கின்படி உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். எடை மெஷினை மட்டும் நம்பினால் எத்தனை பேர் கைநழுவிப் போகிறார்கள் பாருங்கள்.

பெண்கள் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆதங்கம் அதிகம். “ரெண்டு புள்ள பெத்த வயிறு அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லியே விட்டுவிடுகிறோம். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 சுற்றில்தான் முதல்முறையாக இடுப்பை அளந்தது. அந்த இடுப்பளவுகளை வைத்துக் கணக்குப் பார்த்தால் நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன். பிள்ளை பெற்றதால்தான் என்று ஒதுக்கிவிடுகிற அளவா இது?

இந்தியர்களுக்குச் சொல்லப்படும் எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதாவது ஏறக்குறைய 35½ இன்ச், 31½ இன்ச். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணிமேல் இல்லாமல், மூச்சைச் சாதாரணமாக விட்டபிறகு அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது, டேப்பை இறுக்கவும் கூடாது. கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. அளவு கூடியிருந்தால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. சுகரும் பிரஷரும் கொழுப்பும் பார்த்தே ஆக வேண்டும் என்று அர்த்தம். நடக்க ஆரம்பித்தவர்களுக்கும் சொல்கிறேன், எடை இறங்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். எடை அப்படியே நிற்கும்போதே இடுப்பு குறைவது உண்டு.

முகாம் நடத்துகிற மருத்துவமனைகளுக்கும், கம்பெனிகளில் அதற்கு ஏற்பாடு செய்கிற ஹெச்.ஆர். ஆட்களுக்கும் என் கோரிக்கை இதுதான்: படிவத்தில் இடுப்பளவுக்கு ஒரு கட்டம் போடுங்கள், பெண்களை அளக்கப் பெண் ஊழியரை மறைவில் உட்கார வையுங்கள். டேப்புக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கூச்சப்படுகிறவர்களுக்கு நூல் போதும். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல் தருகிற நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் சொன்ன எளிய கணக்கு, இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்பது. தலை முதல் பாதம் வரை நூல் பிடித்து வெட்டி, இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றுங்கள். இரண்டு முனையும் தொடவில்லை என்றால் அந்த வாரமே போய் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து சுகர் பாருங்கள், ஒல்லியாக இருந்தாலும் சரி.