மகதான்ல கப்பலை விட்ட ஆளு

நேத்து ராத்திரி ஒரு ஃப்ரெண்டு கதை ஒண்ணு அனுப்பிட்டு படிச்சே ஆகணும்னு மிரட்டினான். ரெண்டாம் உலகப்போர் முடியறதுக்குள்ளயே ஜெர்மன்காரன் கமுக்கமா நிலாவுக்குப் போயிட்டானாம், அங்க ஒரு பேஸ் வேற கட்டிட்டானாம், அமெரிக்காக்காரன் நிலாவுக்குப் போன அப்பல்லோங்கறதே அதை மறைக்க நடத்துன டிராமாவாம். இந்த டைப் கதை இதோட நூறு படிச்சிருப்பேன். மாற்று வரலாறு எனக்கு ரொம்பப் பிடிச்ச ஐட்டம்தான், ஆனா "விண்வெளிப் பயணத்தோட ரகசிய ஆரம்பம்"னு ஒருத்தர் ஆரம்பிச்சாலே இப்பல்லாம் கடுப்பாகுது.

ஏன்னா இவங்களுக்கு ரகசியம்னா ஒரு மெஷின், அவ்வளவுதான். ஆனா மெஷின் கதை நிஜத்துலயே நடந்திருக்கே! 1944 ஜூன் 20ஆம் தேதி ஜெர்மன்காரன் போருக்குச் செஞ்ச வி-2ங்கற ராக்கெட்ல ஒண்ணை நேரா மேல விட்டாங்க, 176 கிலோமீட்டர் போச்சு. விண்வெளி 100 கிலோமீட்டர்ல ஆரம்பிக்குதுன்னு வச்சா, மனுஷன் செஞ்சதுல அங்க எட்டிப் பாத்த முதல் பொருள் அதுதான். சரி, அந்த ராக்கெட்டை எங்க செஞ்சாங்க? ஜெர்மனில நார்ட்ஹவுசன் ஊர் பக்கத்துல மலையைக் குடைஞ்ச சுரங்கத்துல. செஞ்சது யாரு? டோராங்கற நாஜி வதைமுகாம் கைதிங்க. மொத்தம் 60,000 பேர் கொண்டுபோயிருக்காங்க, அதுல 20,000 பேர் கிட்ட செத்துட்டாங்க. ஆரம்ப மாசங்கள்ல வேலை, தூக்கம் எல்லாமே சுரங்கத்துக்குள்ளயேதான், வாரக்கணக்குல வெயிலே பாக்காம. லண்டன்லயும் ஆண்ட்வெர்ப்லயும் வி-2 விழுந்து செத்தவங்களை விட அதைச் செய்யப் போய் செத்தவங்க அதிகம், இதை முதல்ல படிச்சப்ப திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்தேன், நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேனோன்னு.

இப்ப சொல்லுங்க, நிலாவுல பேஸ் கட்டினான்னு எழுதுறவங்க கதையில ஒரு கைதி கூட வரமாட்டான். கோட்டு போட்ட விஞ்ஞானி வருவாரு, பளபளன்னு பறக்கும் தட்டு வரும். எழுதுறவங்களுக்குத் தெரியாமலே நாஜிக்கு ஜீனியஸ் பட்டம் கட்டி விட்டுர்றாங்க.

அந்தச் சுரங்க ஃபேக்டரில உற்பத்தியைப் பாத்துக்கிட்ட ஆர்தர் ருடால்ஃப், பின்னாடி அமெரிக்காவுல சாட்டர்ன் 5 ராக்கெட்டோட திட்ட மேனேஜர். நிலாவுக்கு ஆள் அனுப்புச்சே, அதே ராக்கெட்டு. 1984லதான் பழைய கணக்கைத் தோண்டி, குடியுரிமையை விட்டுட்டு கிளம்புய்யான்னு அனுப்பினாங்க.

இந்தப் பக்கம் ரஷ்யா. எங்க தாத்தா பரண்ல சோவியத் நாடு பத்திரிகை ஒரு கட்டு இருந்துச்சு, வழவழ பேப்பர், வருஷா வருஷம் எங்க நோட்டுக்கெல்லாம் அதுலதான் அட்டை. என் கணக்கு நோட்டுல விண்வெளிக்கு முதல்ல போன ககாரின் ஹெல்மெட் போட்டுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே இருப்பாரு, நான் வாங்குற மார்க்குக்கும் அந்தச் சிரிப்புக்கும் சம்பந்தமே இருக்காது. அந்த மனுஷனை மேல அனுப்பினவர் பேரு அப்ப ரஷ்யாக்காரங்களுக்கே தெரியாதுன்னு எனக்குப் பல வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. செர்கேய் கொரோலெவ். பேப்பர்ல "தலைமை வடிவமைப்பாளர்"னு மட்டும் வரும். கட்சிப் பேப்பர் ப்ராவ்தாவுல அவரே கட்டுரை எழுதினாலும் "பேராசிரியர் கே. செர்கேயெவ்"னு பொய்ப் பேரு. 1966 ஜனவரி 14 ஆபரேஷன் டேபிள்லயே செத்துப் போனாரு, ரெண்டு நாள் கழிச்சு ப்ராவ்தாவுல படம் போட்டு அஞ்சலி வந்தப்பதான் ஜனங்களுக்கு மூஞ்சியே தெரிஞ்சுது. இதை விட என்ன ரகசியம் வேணும் உங்களுக்கு?

உடனே மாற்று வரலாறு ஆளுங்க வருவாங்க, "அந்த ஆபரேஷன்ல பிழைச்சிருந்தா ரஷ்யா முதல்ல நிலாவுல இறங்கியிருக்கும்"னு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. அவங்க நிலா ராக்கெட் என்-1ல முதல் அடுக்குல மட்டும் 30 இன்ஜின், சாட்டர்ன்ல 5. அந்த முழு அடுக்கையும் ஒரு தடவை கூட தரையில வச்சு எரிச்சுப் பாக்கல, நேரா பறக்க விட்டாங்க, 1969லேர்ந்து 1972 வரைக்கும் நாலு தடவை, நாலும் புட்டுக்கிச்சு. ஏன் 30? பெரிய இன்ஜின் செய்யத் தெரிஞ்ச க்ளுஷ்கோவுக்கும் கொரோலெவுக்கும் எந்த எரிபொருள்னு பெரிய சண்டை, கடைசில விமான இன்ஜின் செய்யற குஸ்னெட்சோவ் கிட்ட போய் நின்னாரு, அங்க சின்ன இன்ஜின்தான் முடிஞ்சுது.

அந்தச் சண்டைக்குப் பின்னாடி இன்னொண்ணும் இருக்கு. 1938ல ரெண்டு பேரையுமே ஸ்டாலின் போலீஸ் தூக்குச்சு. க்ளுஷ்கோ உட்பட கூட வேலை பாத்தவங்க கிட்ட அடிச்சு வாங்குன வாக்குமூலத்துல கொரோலெவ் பேரு இருந்துச்சு. சில வருஷம் கழிச்சு கசான் நகரத்துல, ரெண்டு பேருமே கைதியா இருக்கறப்ப, அதே க்ளுஷ்கோவுக்குக் கீழ இவர் வேலை பாத்தாரு! இதை ஒருத்தன் கற்பனையா எழுதியிருந்தா "ஓவரா இருக்கு பாஸ்"னு கமெண்ட் போட்டிருப்போம்.

சரி, குறை மட்டும் சொல்லிட்டு இருந்தா எப்படி, நானும் ஒண்ணு எழுத ஆரம்பிச்சு வச்சிருக்கேன். ரஷ்யாவோட கிழக்குக் கோடியில கொலிமா கைதி முகாம் தங்கச் சுரங்கத்துல பல்லு பலது போய் எலும்பும் தோலுமா இருந்த கொரோலெவை, கேஸை மறுபடி விசாரிக்கணும்னு 1939 கடைசில மாஸ்கோவுக்குத் திருப்பி அனுப்பறாங்க. மகதான் துறைமுகத்துக்கு வந்து சேர்றதுக்குள்ள கப்பல் போயிருச்சுன்னு அவர் வாழ்க்கையை எழுதினவங்க சொல்றாங்க. அந்த இண்டிகிர்கா கப்பல் டிசம்பர்ல ஜப்பான் கரைகிட்ட புயல்ல மாட்டி, 700 பேருக்கு மேல போயிட்டாங்க.

என் கதையில அவர் கரெக்ட் டைமுக்கு வந்துர்றாரு. கப்பல் ஏறிர்றாரு.

அதுக்கப்புறம் 1957 அக்டோபர் 4 சும்மா ஒரு வெள்ளிக்கிழமை. 83.6 கிலோல பீப் பீப்னு கத்துற பந்து, அதான் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக், மேல போகல, அமெரிக்காக்காரன் பதறல, 1958ல நாசா பொறக்கல, வி-2வை வடிவமைச்ச வான் பிரவுன் அலபாமாவுல ராணுவத்துக்கு ஏவுகணை செஞ்சுக்கிட்டே வயசாகறாரு. இது வரைக்கும் ஈஸியா வந்துருச்சு. ஆனா நிலாவுக்குப் போற அவசரம் இல்லாத அமெரிக்கா, ருடால்ஃபை 1984 வரைக்கும் விட்டு வச்சிருக்குமா, இல்ல முன்னாடியே டோராவுல தப்பிப் பிழைச்ச யாராவது ஒருத்தர் கோர்ட்ல அவரைக் கை நீட்டிக் காட்டியிருப்பாங்களா? ரெண்டு மாசமா கதை இந்த இடத்துல நிக்குது.